அத்தியாயம் 6: தூக்கம் கெட்டால் தூக்கத்துக்கே மருத்துவம் பாருங்கள்

"மனசு சரியாயிட்டா தூக்கம் தானா வந்துடும்." தூக்கம் வரவில்லை என்று சொல்பவருக்கு வீட்டில் முதலில் கிடைக்கும் பதில் இது. மருத்துவ உலகமும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தது. மனச்சோர்வுதான் நோய், தூக்கமின்மை அதோடு ஒட்டிக்கொண்டு வரும் அறிகுறி, நோயைக் கவனித்தால் போதும் என்றார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகள் அந்த வரிசையைக் கலைத்துவிட்டன. பலரிடம் தூக்கம் முதலில் கெடுகிறது, மனம் அதன் பிறகு சரிகிறது. ஆகவே தூக்கமின்மையை மனம் தேறும்வரை காத்திருக்க வைக்கக் கூடாது. அதற்கென்று தனியாக, உடனே, முறையாக மருத்துவம் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்.

இந்த வரிசையை முதலில் அழுத்தமாகக் காட்டியது அமெரிக்காவில் 7,954 பேரிடம் எடுக்கப்பட்டு 1989-ல் வெளியான ஆய்வு. அவர்களை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை சந்தித்துக் கேட்டார்கள். இரண்டு முறையும் தூக்கமில்லை என்றவர்களிடம் புதிதாக மனச்சோர்வு தோன்றும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. முதல் முறை தூக்கமில்லை என்று சொல்லி, இரண்டாம் முறைக்குள் அது சரியாகிவிட்டவர்களிடம் அந்த வாய்ப்பு அவ்வளவு கூடவில்லை. இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூக்கம் கெட்ட வரலாறு ஒருவரைக் கட்டிப்போடுவதில்லை. கெட்டது கெட்டபடியே நீடிப்பதுதான் ஆபத்து.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1964 வரை மருத்துவம் படித்து வெளியேறிய 1,053 ஆண்களை அரை ஆயுள் தொடர்ந்தார்கள். மாணவப் பருவத்தில் தூக்கமின்மையால் அவதிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் அபாயம் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு இருந்தது. 2011-ல் இதுபோன்ற 21 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே இரண்டு மடங்குதான் வந்தது. இதைப் படித்ததும் பயந்துவிட வேண்டாம். அபாயம் இரட்டிப்பானாலும், தூக்கம் சரியில்லாதவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு வருவதில்லை.

தூக்கத்தைச் சரிசெய்தால் மனச்சோர்வைத் தடுக்க முடியுமா என்று நேரடியாகச் சோதித்ததும் உண்டு. லாஸ் ஏஞ்சலீஸில் அறுபது வயதைக் கடந்த 291 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தூக்கமின்மை இருந்தது, யாருக்கும் அப்போது மனச்சோர்வு இல்லை. ஒரு பாதிக்குத் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை தரப்பட்டது; மருத்துவர்கள் இதை 'சிபிடி-ஐ' என்பார்கள். மறு பாதிக்குத் தூக்கம் பற்றிய பொதுவான பாடங்கள் மட்டும். சிகிச்சை நடந்தது இரண்டே மாதம். மூன்று ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, பாடம் மட்டும் கேட்டவர்களில் 25.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்திருந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 12.2 சதவீதம் பேருக்கு. 2022-ல் வெளியான இந்த முடிவில் மாத்திரைக்கு எந்தப் பங்கும் இல்லை. அந்தச் சிகிச்சையின் முக்கியமான பகுதிகளைத்தான் இந்த அத்தியாயத்தின் நடுவில் விளக்கப்போகிறேன்.

தூங்காத மூளையில் என்ன நடக்கிறது? 2007-ல் ஆரோக்கியமான இளைஞர்களைச் சுமார் 35 மணி நேரம் விழிக்க வைத்து, மனத்தை உலுக்கும் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். அச்சத்தையும் கலக்கத்தையும் கிளப்பும் 'அமிக்டலா' என்ற பகுதி, தூங்கியவர்களைவிட அறுபது சதவீதம் அதிகமாகக் கொந்தளித்தது. அதை அடக்கி நிதானப்படுத்தும் முன்மூளைப் பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. இரவு தூங்காத மறுநாள் சின்னச் சொல்லும் ஊசியாகக் குத்துவதற்குக் காரணம் இதுதான். ஒருநாள் என்றால் மறுநாள் தூங்கி ஈடுகட்டிவிடலாம். மாதக்கணக்கில் இதே நிலை என்றால் எரிச்சல், ஒதுங்கியிருத்தல், நண்பர்களைத் தவிர்த்தல், நடப்பதை நிறுத்துதல் என்று மனத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றும் கழன்றுபோகிறது.

உறவு ஒரு வழிப்பாதை இல்லை. மனச்சோர்வும் தூக்கத்தைக் கெடுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். மனச்சோர்வு தீர்ந்த பிறகும் தூக்கம் மட்டும் சரியாகாமல் நின்றுவிட்டால், நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரையால் மனம் தேறியவர் மருத்துவரிடம், "மத்ததெல்லாம் பரவாயில்ல, தூக்கம் மட்டும் இன்னும் வரல" என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.

நாலு மணி விழிப்பு

நம் வீடுகளில் அடிக்கடி தவறவிடப்படும் ஓர் அடையாளத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். மனச்சோர்வின் கடுமையான வகை ஒன்றில், வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது முன்பே விழிப்பு வந்துவிடும். மறுபடி கண்ணயர முடியாது. அந்த வேளையில்தான் மனம் மிகக் கனமாக இருக்கும். பழைய குற்றங்கள், கடன், செத்துப்போனவர்கள், இனி என்ன என்ற கேள்வி எல்லாம் அப்போது வரிசைகட்டி நிற்கும். பொழுது ஏற ஏறக் கொஞ்சம் இளகி, மாலையில் ஓரளவு தெளிவு வரும். "காலையிலதான் டாக்டர் ரொம்ப கஷ்டமா இருக்கு, சாயங்காலம் ஆனா பரவாயில்ல" என்று ஒருவர் சொன்னால் மனநல மருத்துவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்பார்.

நாம் அதிகாலையில் எழுவதை மெச்சும் சமூகம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுகிறார் என்றால் பெருமை. அதனால் அப்பா இப்போதெல்லாம் மூன்றரைக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார் என்பது வீட்டில் யாருக்கும் கவலையாகத் தோன்றுவதில்லை. வயதானவர்கள் எட்டரைக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுவது இயல்புதான். முதுமையில் உடலின் கடிகாரம் முன்னால் நகர்கிறது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். அவருடைய பழைய வழக்கத்திலிருந்து இது மாறியிருக்கிறதா? எழுந்த பின் கோலம், செய்தித்தாள், பூச்செடி, நடை என்று எதிலாவது கை போகிறதா, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கிறாரா? பசியும் பேச்சும் குறைந்திருக்கின்றனவா? இந்தக் கேள்விகளுக்கான பதில் உங்களை உறுத்தினால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் மனச்சோர்வு வரும். சிலர், குறிப்பாக இளைஞர்கள், பத்து மணி நேரம் தூங்கியும் எழ முடியாமல் கிடப்பார்கள். அதைச் சோம்பல் என்று திட்டுவதால் ஆகப்போவது எதுவுமில்லை.

முதலில் ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், நடுவில் எத்தனை முறை விழிப்பு, கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசி காபி அல்லது டீ, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். காலையில் எழுந்ததும் குத்துமதிப்பாக எழுதினால் போதும். இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம். மணி பார்ப்பது இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்ற கணக்கைத் தொடங்கிவைக்கும். அந்தக் கணக்கே தூக்கத்தைத் துரத்தும்.

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் வராமலோ கலைந்தோ போய், பகலையும் அது பாதித்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படுக்கக் கிடைத்தும் தூக்கம் வராதவர் ஒரு வகை. படுக்கவே நேரம் கிடைக்காதவர் வேறு வகை. பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து, நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழும் பெண்ணிடம் தூக்கப் பழக்கம் பற்றி உபதேசம் செய்வது அநியாயம். அவருக்குத் தேவை வீட்டு வேலையில் பங்கு. கணவரும் பிள்ளைகளும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

எழும் நேரம்தான் ஆணி

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற முடியும் என்றால் நான் சொல்வது இதுதான்: தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். ஞாயிற்றுக்கிழமையும்தான். இரவு எப்படிப் போயிருந்தாலும்தான்.

எல்லோரும் படுக்கும் நேரத்தைத்தான் முதலில் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அது நம் கையில் இல்லை. தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழுவது கையில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982-ல் தந்த விளக்கம் இங்கே உதவும். தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மற்றது, வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் உடலின் கடிகாரம். ஒரே நேரத்தில் எழுந்தால் அழுத்தம் தினமும் ஒரே நேரத்தில் ஏறத் தொடங்கும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் இருபது முப்பது நிமிடம் வெளிச்சத்தில் நின்றால் கடிகாரமும் நேராகும். மேகமூட்டமான காலை வெளிச்சம்கூட வீட்டுக் குழல்விளக்கைவிடப் பல மடங்கு வலியது. மனச்சோர்வில் இருப்பவருக்கு இது இரட்டை நன்மை, ஏனென்றால் வெளியே வருவதே ஒரு மருந்து.

நேரத்துக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2021-ல் எட்டு லட்சம் பேருக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தூக்கத்தின் நடுப்புள்ளி ஒரு மணி நேரம் முன்னால் இருப்பவர்களுக்குக் கடும் மனச்சோர்வின் அபாயம் 23 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. இரவு ஒரு மணிக்குப் படுப்பவர் பன்னிரண்டுக்கு வர முயல்வது வீண் இல்லை. ஆனால் ஒன்பதுக்குப் படுப்பவர் எட்டுக்குப் போக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பாயைச் சுருட்டி வையுங்கள்

1972-ல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் எளிமையான முறை ஒன்றைச் சொன்னார். படுக்கையில் விழித்தபடி புரண்டுகொண்டிருந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று உடல் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை அழிக்க, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும். சுமார் இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போக வேண்டும். தூக்கம் வந்தால் திரும்பலாம். இரவில் எத்தனை முறை நேர்ந்தாலும் இதையே செய்ய வேண்டும்.

மேல்நாட்டுப் புத்தகங்கள் "வேறு அறைக்குப் போங்கள்" என்று எழுதிவிடும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் வேறு அறை ஏது? அங்கே பாயே படுக்கையறை. எழுந்து பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில் துணி மடிக்கலாம், பூத் தொடுக்கலாம், பழக்கப்பட்ட பாட்டை மெதுவாக முணுமுணுக்கலாம், மறுநாளைக்குப் பூண்டு உரிக்கலாம். போன் மட்டும் வேண்டாம். கண் சொக்கும்போது பாயை விரித்துக்கொள்ளுங்கள். கட்டில் உள்ளவர்கள் நாற்காலிக்கு மாறினால் போதும். பகலில் அதே பாயில், அதே கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்ப்பதும் வேண்டாம்.

அடுத்தது கேட்பதற்கு முரணாக இருக்கும்: தூக்கம் வராதவர் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரவு பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழும் ஒருவர் உண்மையில் ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்று நோட்டு சொல்கிறது. மீதி இரண்டரை மணி நேரம் புரள்வதும் நினைப்பதும்தான். மனம் நோகக் கற்றுக்கொள்ளும் நேரம் அதுவே. அவர் பன்னிரண்டே காலுக்குப் படுத்து அதே ஆறுக்கு எழட்டும். முதல் சில நாள் பகல் கனக்கும். பிறகு அழுத்தம் சேர்ந்து தூக்கம் ஒரே கட்டாக இறுகும். படுத்திருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ஒரு வாரம் தூங்கிவிட்டால், படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். இப்படியே மெல்லமாகப் போதிய தூக்கத்தை எட்ட வேண்டும். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் இறக்காதீர்கள்.

இதை மருத்துவர் துணையில்லாமல் செய்யக் கூடாதவர்கள் இருக்கிறார்கள்: இருதுருவக் கோளாறு (பைபோலார்) உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், லாரி பஸ் ஓட்டுபவர்கள், இயந்திரத்தில் வேலை செய்பவர்கள், கர்ப்பிணிகள், இப்போது கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள். இருதுருவக் கோளாறில் தூக்கக் குறைவே மனஎழுச்சியைக் கிளப்பிவிடும். ஓர் இரவு முழுதும் விழித்திருந்தால் மனச்சோர்வுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுநாள் மனம் சட்டென்று இலேசாவது உண்மை. மருத்துவமனைகளில் இதைச் சிகிச்சையாகவும் முயன்றிருக்கிறார்கள். தூங்கி எழுந்ததும் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை நான்கு மணி டம்ளரை மதியத்துக்கு மாற்றுங்கள். மது முதல் பாதி இரவைத் தூங்க வைத்து, மறு பாதியைக் கெடுக்கும், மனத்தையும் தாழ்த்தும். பகல் தூக்கம் அவசியமென்றால் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள். கவலைகளைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல், மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கித் தாளில் எழுதி, நாளை செய்யக்கூடியது எது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

பழக்கத்தால் மட்டும் தீராதவை

நூற்பாலையிலோ ஐ.டி. நிறுவனத்திலோ இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு மேலே சொன்ன ஆலோசனைகளில் பாதி பொருந்தாது. வேலை முடிந்து திரும்பும்போது குளிர்கண்ணாடி, வீட்டில் ஜன்னலுக்குக் கனத்த துணி, வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் பொதுவாக அமையும்படி நான்கு மணி நேரத் தூக்கம் என்று முயலலாம். வாராவாரம் ஷிப்ட் மாறினால் உடல் எதற்கும் பழகாது. மாற்றும் இடைவெளியை நீட்டச் சொல்லிக் கேட்பது தொழிலாளியின் சலுகை இல்லை, உடல்நலத் தேவை.

பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகிறது. பதினொன்றுக்கு முன் தூக்கம் வராத பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார்த்துவதும், ஐந்தரை டியூஷனுக்கு அனுப்புவதும் அதன் மனத்தோடு விளையாடுவது. படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான். பொதுத்தேர்வு ஆண்டில்தான் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் அதிகம் தேவை.

பிரசவமான தாய்க்கு ஒரே மூச்சாக நான்கைந்து மணி நேரம் தூக்கம் கிடைக்கும்படி இரவில் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது மனச்சோர்வின் எச்சரிக்கை. முதல் சில வாரங்களில் அறவே தூங்காமல், ஓயாமல் பேசி, சம்பந்தமில்லாத பயங்களைச் சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவருக்கும், இரவில் கால் குடைச்சலால் தூங்காதவருக்கும், தைராய்டு கோளாறு உள்ளவருக்கும் காரணம் வேறு. இப்படித் தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம்; அதற்குரிய சிகிச்சையில் மனமும் தெளிவதுண்டு.

மருந்துக்கடையில் தெரிந்தவரிடம் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலாம் போன்றவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. சில வாரங்களில் உடல் பழகிக்கொள்ளும், அளவு கூடும். ஏற்கெனவே பல மாதமாகப் போடுபவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம். மருத்துவர் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எப்போது போக வேண்டும்

மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் மாற்றமில்லை என்றால் போங்கள். அதற்கு முன்பே, இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ இருந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டும் சில ஆஸ்துமா மருந்துகளும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. "தூக்கமும் வரல, மனசும் சரியில்ல, ரெண்டுக்கும் சேத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். எது முதலில் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் இரவில் ஒருமுறை வந்துபோனாலும் அதை யாரிடமாவது அப்போதே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் டெலி-மானஸ் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், 104-லும் கூப்பிடலாம். இலங்கையில் 1926. வீட்டில் ஒருவர் அப்படிச் சொன்னால் வாதாடாதீர்கள், தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, விடிந்ததும் மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். விடியும்வரை பொறுக்காது என்று தோன்றினால், தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள்.